பச்சைப் பெட்டியில் விழுந்த ஒரு சீட்டு

பச்சைப் பெட்டியைக் கவிழ்த்தபோது மேஜைமேல் ஒரே ஒரு சீட்டு விழுந்தது. அதிகாரி பெட்டியின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். கண்ணை நம்பாமல் கையை விட்டும் துழாவினார். வேறொன்றும் வரவில்லை. பக்கத்தில் சிவப்புப் பெட்டியிலிருந்து கொட்டிய சீட்டுகள் குவிந்து கிடந்தன. திண்டிவனம் பஞ்சாயத்து போர்டு கட்டடத்தில், காலை பத்து மணிக்கு, பச்சைப் பெட்டிக்காரரின் ஏஜெண்டாக அந்த மேஜைக்கு முன்னால் நின்றிருந்தவன் நான். வாசலில் நான் அமர்த்தி வைத்திருந்த மேளக்காரர்கள் தவிலைத் தட்டிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த சரவெடிக்கு நெருப்பு வைக்கிற பெருமையை வேறு எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். இது யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலத்துச் சமாச்சாரம். இத்தனை வருஷம் கழித்தும், யாராவது 'எலெக்ஷன்' என்று சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தால் நான் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

பச்சைப் பெட்டிக்காரரை எங்கள் வார்டில் எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் சொல்வோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கடைத்தெரு முனையில் சின்னதாக ஒரு மருந்துக் கடை வைத்திருந்தார். காய்ச்சல் என்று போனால் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். சிவப்பாக ஒரு மிக்சரைக் கலக்கிப் புட்டியில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகப் பல் பல்லாக வெட்டிய வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்றைப் புட்டியின் விலாவில் ஒட்டிக் கொடுப்பார். மருந்தில் பாதி குணம் அவர் பேச்சில் இருந்தது. என் மூத்த மகளுக்கு மூன்று வயதில் மார்ச்சளி கட்டி, பெரிய டாக்டரே உதட்டைப் பிதுக்கியபோது, இவர்தான் ஒன்பது நாள் விடாமல் காலை, மதியம், சாயங்காலம் என்று என் வீட்டுக்கு நடந்து வந்தார். பிழைத்த குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "புள்ளை முழிச்சிக்கினா கேப்பைக் கூழு தண்ணியா குடு தம்பி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனவர். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவனை அப்படி வாய் நிறையக் கூப்பிட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

நான் அப்போது ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று பேனாவை ஓட்டுகிறவனுக்குத் தன் வாய்மேலும் ஒரு கர்வம் வந்துவிடும், எனக்கு வந்திருந்தது. எங்கள் வார்டுக்குப் போர்டு தேர்தல் வந்தது. பொதுக் கிணற்றை ஒட்டித் திறந்தபடி ஓடிய சாக்கடையால் வருஷா வருஷம் கோடையில் வாந்திபேதி வந்து, கம்பவுண்டர் வீடு வீடாக அலைவது வழக்கமாக இருந்தது. அவரே போர்டில் போய் உட்கார்ந்தால் முதல் வேலையாக அந்தச் சாக்கடையைக் கட்டிவிடலாம் என்று கொளுத்திப் போட்டவன் நான்தான். "எனக்கு எதுக்குப்பா இந்த பேஜாரு? நான் பாட்டுக்கு மருந்து கலக்கிக்கினு இருக்கறேன்" என்று அவர் நாலு நாள் மறுத்தார். ஐந்தாம் நாள், "நம்ம வார்டுல உங்களுக்கு ஒரு வூடு தப்பாதுண்ணே, நான் பொறுப்பு" என்றேன். அவர் என்னை நம்பினார். வீட்டுக்குள் திரும்பி, "தம்பி இவ்ளோ தூரம் சொல்லுது, நீ இன்னா சொல்றே?" என்று மனைவியைக் கேட்டார். அண்ணி வெளியே வந்து, "ஊர்ல எல்லாரும் நம்ம புள்ளைங்கதானே, நில்லுங்க" என்று சொன்னார். அந்த அம்மாள் எங்கள் தெருவில் காய்ச்சல்காரர்கள் பாதிப் பேருக்குத் தன் கையால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்.

எதிர்த்து நின்றவர் மல்லாட்டை மண்டிக்காரர், நிலக்கடலை மொத்த வியாபாரி. கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முசுடு, அவ்வளவுதான். 'வா' என்று சொல்வதே 'ஏன் வந்தாய்' என்று கேட்பதுபோல் இருக்கும். கம்பவுண்டரும் அவரும் சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கடைத்தெருவில் யாரோ, "உங்களாலே எல்லாம் எலெக்ஷன்ல நிக்க முடியுமா?" என்று கிளறிவிட, வீம்புக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு வாபஸ் வாங்கினால் அதுவும் அவமானம் என்று மாட்டிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இப்போதுபோல் ஊருக்கே ஓட்டுக் கிடையாது. வீட்டு வரி யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. எங்கள் வார்டில் மொத்தமே ஐம்பதுக்குக் குறைவு. எழுத்துத் தெரியாதவர்களும் போடவேண்டும் என்பதற்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்கள். திரைக்குள்ளே போய், நமக்கு வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். கம்பவுண்டருக்குப் பச்சை என்றும் மண்டிக்காரருக்குச் சிவப்பு என்றும் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கெல்லாம் பித்துப் பிடித்துவிட்டது. வளையல் கடையில் பச்சைக் கண்ணாடி வளையல் தீர்ந்து, பாண்டிச்சேரியிலிருந்து தருவித்தார்கள். ஜட்கா வண்டிக்காரர் தன் குதிரையின் நெற்றிக் குஞ்சத்தைப் பச்சையாக்கினார். எண்ணெய்க் கடைக்காரர் வீட்டில் தேர்தல் முடிகிறவரைக்கும் காய்ந்த சிவப்பு மிளகாய் உபயோகிப்பதில்லை என்று சபதம் செய்து, சாம்பார் முதற்கொண்டு பச்சை மிளகாயில் வைத்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, அதற்கும் கம்பவுண்டரிடமே வந்தார்கள்.

நான் அதோடு விடவில்லை. காய்ச்சல் மிக்சர் சிவப்பாக இருக்கிறதே, அது எதிரியின் நிறமல்லவா, அதைப் பச்சையாக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "மருந்துல வெளையாடக் கூடாது தம்பி" என்று முதல்முறையாகக் கோபித்துக்கொண்டார். கடைசியில், புட்டியில் ஒட்டும் காகிதப் பட்டையை மட்டும் பச்சையாக மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். இரண்டே நாளில் நோயாளிகள் புட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். "இன்னாங்க, இந்தப் பச்சை மருந்து கேக்கவே இல்லை, பழைய வெள்ளை மருந்தையே குடுங்க" என்று ஒரு கிழவர் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டர் என்னைப் பார்த்துக்கொண்டே பச்சைப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையை ஒட்டிக் கொடுத்தார். கிழவர் மறுநாளே எழுந்து நடமாடினார். தெரு முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஆனால் என் வாய் மண்டிக்காரரிடம் போனபோது அதில் சிரிப்பைவிடக் காரம்தான் அதிகமாக இருந்தது. தகரத்தைச் சுருட்டி ஒரு குழாய் செய்துகொண்டு, சாயங்காலம் ஆனால் அவர் மண்டிக்கு எதிரில் போய் நிற்பேன். "சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், சிவப்புப் பெட்டியில் ஒரு சீட்டும் விழப்போவதில்லை. சிலந்திதான் கூடு கட்டப்போகிறது. எலெக்ஷன் முடிந்ததும் அந்தப் பெட்டியை மண்டிக்கே அனுப்பிவைக்கிறோம், மல்லாட்டை கொட்டி வைத்துக்கொள்ளலாம்!" என்று பத்திர நடையில் கத்துவேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மூட்டைகளுக்கு நடுவே நின்று எடை பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் தலையை நிமிர்த்த மாட்டார். அவர் காது சிவந்திருப்பது தெருவிலிருந்தே எனக்குத் தெரியும். அதைப் பார்த்து இன்னும் ஒரு சுருதி ஏற்றிக் கத்தினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஓட்டுப் போடுவதற்கு மூன்று நாள் முன்னால், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், வாசலில் மண்டிக்காரர். கையில் ஒரு தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம். எங்கள் பக்கத்தில் வெற்றிலை வைத்துக் கேட்டால், எடுத்துக்கொண்டவன் வாக்குக் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். எடுக்க மனமில்லாதவன் 'அப்புறம் பார்க்கலாம்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை அவர். "தம்பி, நான் ஜெயிக்கறதுக்குக் கேக்க வரலை. அவன்தான் ஜெயிப்பான், எனக்கே தெரியும். நீ சொல்றாப்பல பொட்டி காலியா இருந்துச்சின்னா நாளைக்கி நான் கடைத்தெருவுல எப்படி நடப்பேன்? பொண்ணு குடுத்த எடத்துல இன்னா நெனைப்பாங்க? உன்னுது ஒண்ணு மட்டும் போடு. ஒண்ணு விழுந்தா போதும், மானத்தோட இருந்துடுவேன். யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அந்த முசுட்டு மனிதரின் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது.

நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்பதற்கு இந்த முப்பது சொச்ச வருஷமாகப் பல காரணங்கள் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாவமாக இருந்தது என்பது ஒன்று. நானே காயப்படுத்திய மனிதர், நானே கொஞ்சம் மருந்து போடலாமே என்பது இன்னொன்று. அவருடைய மண்டிப் பத்திரங்களெல்லாம் என்னிடம்தான் எழுத வருகின்றன என்பதும் மனசின் ஓரத்தில் இருந்திருக்கும். இல்லை என்று சாதித்தால் அது இன்னொரு பொய். எல்லாவற்றுக்கும் மேலே, கம்பவுண்டர் ஜெயிப்பது நாளைக்குச் சூரியன் உதிக்கிற மாதிரி. என் ஒரு சீட்டு இல்லாவிட்டால் சூரியன் உதிக்காதா என்ன? அப்படித்தான் நினைத்தேன். ஊரில் என்னைத் தவிர வேறு எவனுக்கும் அப்படி ஒரு நினைப்பு வராது என்பதுபோல நினைத்தேன்.

ஓட்டுப் போட்ட அன்று காலையிலிருந்து பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி வைத்து ஆட்களை அழைத்து வந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையில் வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். என் முறை வந்ததும் உள்ளே போனேன். பெஞ்சுமேல் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பச்சைத் துண்டோடு நின்று, சீட்டைச் சிவப்புப் பெட்டியில் போட்டேன். வெளியே வந்ததும், "ஜல்தி ஜல்தி, அடுத்த ஆள் வாங்க, பச்சைக்குப் போடுங்க!" என்று முன்னைவிடச் சத்தமாகக் கூவினேன். வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் அன்றைக்கு நடுப்பகலில் செய்தேன்.

மறுநாள் எண்ணிக்கை. ஓட்டுப் போட்டது நாற்பத்தோரு பேர். சிவப்புப் பெட்டியில் நாற்பது. பச்சையில் ஒன்று. மண்டிக்காரர் எல்லா வீட்டுக்கும் அதே தட்டோடு போயிருக்கிறார். எல்லா வீட்டிலும் 'உன்னுது ஒண்ணு மட்டும்' என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்ட ஒவ்வொருவனும், நான் ஒருத்தன்தானே, கம்பவுண்டர்தான் எப்படியும் ஜெயிக்கப்போகிறாரே என்று போட்டிருக்கிறான். இது அந்த மேஜையைச் சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜெயித்த மனிதர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், எண்ணிக்கை தப்பா இருக்கும், இன்னொரு தபா எண்ணுங்க" என்று அதிகாரியிடம் கெஞ்சினார். ஜெயித்தவனே மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டதை அந்த அதிகாரி தன் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டார். எண்ணினார். அதேதான். மண்டிக்காரரும் கம்பவுண்டரும் ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பவுண்டர் மெதுவாக எழுந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் தலையைக் கண்டதும் மேளக்காரர்கள், நான் சொல்லி வைத்திருந்தபடியே, முழக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னாலேயே ஓடிப்போய் நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். அப்போதும் கம்பவுண்டர் நின்று, "நல்லா வாசிச்சீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பச்சையில் ஓட்டே விழாமல் போயிருந்தால் எங்களுக்குத் தப்பிக்க வழி இருந்திருக்காது. ஒன்று விழுந்திருந்தது. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று கம்பவுண்டர் முன்பே சொல்லியிருந்ததால், அது அவருடையது இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்று எங்கள் எல்லோருக்கும் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. அன்று மத்தியானமே முதல் ஆளாகப் போனவன் நான். அவர் கடையைத் திறந்து வைத்து, ஒன்றும் நடக்காததுபோல் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, ஊரு மோசம் பண்ணிடுச்சிண்ணே. அந்த ஒரு ஓட்டு என்னுது" என்றேன். அவர் புட்டியைக் கழுவிக்கொண்டே, "தெரியும் தம்பி" என்றார். அந்தச் சாந்தம் எனக்குப் போதவில்லை. "என் பொண்ணு மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தேன். ஈரக் கையோடு எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். "சத்தியம் எல்லாம் வாணாம். அந்தப் புள்ளை நல்லா இருக்கட்டும். நீ போட்டிருப்பே, நான் நம்பறேன்" என்றார். என்மேல் இருந்த பிரியத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வயிற்றில் பால் வார்த்ததுபோல் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

எனக்குப் பின்னால் எண்ணெய்க் கடைக்காரர் போனார். ஜட்கா வண்டிக்காரர் போனார். ஒவ்வொருவராக வார்டில் பாதிப் பேர் போய் அந்த ஒரு சீட்டு தங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். திருவக்கரை அம்மன்மேல் ஆணையிட வாயெடுத்தவரையும் அவர் அப்படித்தான் தடுத்தாராம். எல்லோரிடமும் 'தெரியும்' என்றாராம். முதலில் இதை நாங்களே வேடிக்கையாகப் பேசிச் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. அவருக்கு எதிரில் போய் நிற்பது கஷ்டமாகிவிட்டது. ஒரு மாசத்தில், தலைவலி என்றால்கூட மூன்று தெரு தள்ளிப் புதிதாக வந்த டாக்டரிடம் போக ஆரம்பித்தோம். யாருக்கும் அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. நாக்கை நீட்டு என்று அவர் சொன்னால் நீட்டுகிற தைரியம் எங்களில் ஒருவனுக்கும் இல்லை, அவ்வளவுதான். என் சின்னவனுக்கு இருமல் வந்தபோது நானும் அந்தப் புது டாக்டரிடம்தான் தூக்கிக்கொண்டு போனேன். கடைத்தெரு முனையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். மண்டிக்காரர் என்னவோ, கம்பவுண்டர் எழுதிக் கொடுத்த மனுவையே போர்டில் படித்து, ஆறே மாசத்தில் அந்தச் சாக்கடையைக் கட்டி மூடிவிட்டார். ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த கோடைக்குள் கம்பவுண்டர் கடையைக் காலி செய்துகொண்டு, விழுப்புரத்தில் ரயில்வேயில் இருந்த மகனிடம் போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி ஸ்டேஷனுக்குப் போனபோது ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் எழுதிக்கொண்டிருந்த நான் தலையை நிமிர்த்தவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து, யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், மண்டிக்காரர் தன் பெண்ணுக்கு ஒரு செட்டில்மெண்ட் பத்திரம் எழுத என்னிடம் வந்தார். உடம்பு தளர்ந்திருந்தது. சாட்சிக்காரர்கள் வரத் தாமதமானது. பேச்சு எங்கெங்கோ போய் அந்த எலெக்ஷனில் வந்து நின்றது. "வூடு வூடா ஒண்ணே ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். நாப்பது பேரைக் கேட்டா நாலு பேரு குடுப்பீங்கன்னு நெனைச்சேன். எல்லாரும் குடுத்துட்டீங்க. நான் இன்னா பண்றது?" என்றார். பிறகு, "அவனுக்கு ஒண்ணு விழுந்திச்சே, அது யாருதுன்னு நெனைச்சிக்கினு இருக்கே?" என்று கேட்டார். "என்னுது. மனு குடுத்த அன்னிக்கே நாங்க பேசி வெச்சோம். ஒண்ணாப் படிச்சவங்க, எதிர் எதிரா நின்னுட்டோம். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கறது அசிங்கம், நான் உனக்குப் போடறேன், நீ எனக்குப் போடுன்னு. அவன் சொன்ன சொல்லு தப்ப மாட்டான். நானும் தப்பலை. அவனுது ஒண்ணு மட்டும் விழுந்தா அது பிச்சை மாதிரி ஆயிடுமேன்னுதான் ஊரையும் கேட்டேன்" என்றார். "அப்போ அவருக்கு..." என்று இழுத்தேன். "பொட்டியைக் கவுத்தப்பவே தெரியும். வேற யாரும் அவனுக்குப் போடலைன்னு அப்பவே தெரியும்" என்றார். கடைத்தெருவில் என்னிடம் அவமானப்பட்ட அந்த மனிதர் இதை ஒரு குத்தலும் இல்லாமல் சொன்னார். அன்றைக்கு அந்தப் பத்திரத்தை அடித்து அடித்து மூன்று தடவை எழுதினேன்.

அந்த ஈரக் கை என் வாயைப் பொத்தியது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் காப்பாற்றிய குழந்தையின் மேல் நான் பொய்ச் சத்தியம் செய்துவிடக் கூடாது என்று தடுத்திருக்கிறார். தன்னைத் தோற்கடித்தவன் எதிரில் வந்து நின்று புளுகுகிறான், அவன் பெண்ணுக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறார். அந்த நினைப்போடு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் விழுப்புரத்துக்குப் போனேன். வண்டியில் நிற்க இடமில்லை. கதவோரம் தொங்கிக்கொண்டே, முதல் வார்த்தை எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஊருக்கெல்லாம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவனுக்குத் தன்னுடையது ஒரு வரி வரவில்லை.

ஜங்ஷனுக்குப் பின்னால் ரயில்வே குடியிருப்பில் அவர் மகன் வீடு. கம்பவுண்டர் வாசலில் நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா தம்பி!" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் உள்பக்கம் திரும்பி, "இங்க வா, யாரு வந்திருக்குது பாரு. நம்ம தம்பி. அன்னிக்கி அந்த ஒரு ஓட்டுப் போட்ட தம்பி" என்று குரல் கொடுத்தார்.

அண்ணி ஓடி வந்தார். நரைத்துப் போயிருந்தார். என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இத்தினி வருஷமா நெனைச்சிக்கினே இருப்பேன் தம்பி. எத்தினி பேருக்கு இந்தக் கையால கஞ்சி குடுத்தேன், ஒருத்தருக்கும் எங்க மேல இரக்கம் இல்லையான்னு ராவும் பகலும் அழுதேன். இவருதான் சொன்னாரு, அழாதே, தம்பி ஒருத்தன் போட்டான், எனக்குத் தெரியும்னு. அதைக் கேட்ட அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கிச்சி. விளக்கேத்தும்போது உங்க புள்ளைங்களையும் சேத்துத்தான் வேண்டிக்கறேன்" என்றார். நான் அவர் தலைக்கு மேலே கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் பிள்ளையின் காலில் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இலை போட்டார்கள். முதலில் எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் அவருக்குப் பரிமாறினார் அண்ணி. ரேஷன் காலத்தில் எங்கே பிடித்தாரோ, எனக்காக நெய் வந்தது. சாப்பிட்டேன். சொல்லவந்த உண்மையையும் அந்தச் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

ஸ்டேஷன்வரை அவர் கூட வந்தார். பிளாட்பாரத்தில், "அண்ணே, மண்டிக்காரர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்றேன். கண்ணில் நீர் முட்டியது. அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடியே, "அவளுக்கு ஒருத்தர் பேரு வேண்டியிருந்திச்சி தம்பி. மண்டிக்காரன்னு சொல்லியிருந்தா, ஊர்ல நமக்கு ஒருத்தரும் இல்லைன்னு ஆயிடும், தாங்க மாட்டா. முதல்ல வந்து சொன்னது நீ. அதான் உன் பேரைச் சொன்னேன். அப்படியே இருந்துட்டுப் போவட்டும்" என்றார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. வண்டி கிளம்பியபோது, "பெரிய பொண்ணுக்கு இன்னமும் சளி புடிக்குதா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷத்துக்குள் அவர் போய்விட்டார். சாவுக்குப் போன இடத்தில், அந்தத் துக்கத்திலும் அண்ணி என்னைக் காட்டி உறவுக்காரர்களிடம் அந்த ஓட்டைப் பற்றிச் சொன்னார். என் மகளின் கல்யாணத்துக்குத் திண்டிவனம் வந்து, முகூர்த்தம் முடிந்ததும் பந்தலில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எண்ணெய்க் கடைக்காரரும் ஜட்கா வண்டிக்காரரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஊரே ஒரு பக்கம் போனபோது எங்கள் அப்பா ஒருவர்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பேரன் அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி வந்து என்னிடமே படித்துக் காட்டினான். நன்றாக இருக்கிறது என்றேன்.

அண்ணி போன தை மாதம் விழுப்புரத்தில் காலமானார். கடைசி நாட்களில் போய்ப் பார்த்தபோது பேச்சு இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறவரை இதை எழுத எனக்கு உரிமை இல்லை என்று கம்பவுண்டர் கட்டிப் போட்டிருந்தார். இனி யாருடைய மனசும் உடையப்போவதில்லை. என் பேரன் ஒருவனின் கட்டுரைதான் பொய்யாகப்போகிறது. அவன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கம்பவுண்டருக்கு நான் ஓட்டுப் போடவில்லை.